பதிவேடு யார் கையில்?

2019 நவம்பரில் இன்டர்நெட் சொசைட்டி என்ற லாப நோக்கற்ற அமைப்பு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ‘.ஆர்க்’ என முடியும் இணைய முகவரிகளின் பதிவேட்டை நடத்தும், தன் பொறுப்பில் இருந்த பதிவகத்தை ஈத்தோஸ் கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு 113.5 கோடி டாலருக்கு விற்கப்போவதாகச் சொன்னது. விக்கிப்பீடியா தொடங்கி மனித உரிமை அமைப்புகள், நிவாரணக் குழுக்கள், சிறிய சங்கங்கள் வரை சுமார் ஒரு கோடிப் பெயர்கள் அந்தப் பதிவேட்டில் இருந்தன. பெயரை வைத்திருந்தவர்களிடம் முன்கூட்டி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சொசைட்டியின் தரப்பைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. ஒரே பதிவகத்தின் வருமானத்தை நம்பி அமைப்பை நடத்துவது ஆபத்து. மொத்தமாகக் கிடைக்கும் தொகையை முதலீடு செய்தால், இணையம் எட்டாத பகுதிகளுக்கு அதைக் கொண்டுபோகும் பணி நெடுங்காலம் நடக்கும் என்றார்கள். எதிர்ப்பு வலுத்ததும், சராசரியாக ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் பெயருக்கான கட்டணத்தை ஏற்றுவதில்லை என்று வாங்க வந்தவர்களும் சில ஆண்டுகளுக்கு உறுதி கூறினார்கள். ஆண்டுதோறும் பத்து சதவீதம் ஏறினால் எட்டே ஆண்டில் கட்டணம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும் என்பது வேறு விஷயம்.

நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். ஆனால் விலைபோனது எது? சொசைட்டி அந்தப் பெயர்களை உருவாக்கவில்லை. முன்பு வெரிசைன் நிறுவனத்திடம் இருந்த பதிவேடு, பொதுநல அமைப்பு ஒன்று நடத்தட்டும் என்ற எண்ணத்தில் 2003 தொடக்கத்தில் இவர்களிடம் மாற்றப்பட்டது. கோயில் நிலத்தைப் பராமரிக்க வந்த அறங்காவலர், அன்னதானத்துக்குப் பணம் வேண்டும் என்று சொல்லி நிலத்தையே விற்றால் ஊர் ஒப்புமா?

கட்டணம் பிடிக்காவிட்டால் வேறு பெயருக்கு மாறிக்கொள்ளலாமே என்பது சந்தைவாதிகளின் பதில். ‘.காம்’, ‘.நெட்’, நாட்டுப் பெயர்கள், புதிதாக வந்த நூற்றுக்கணக்கான பின்னொட்டுகள் எல்லாம் இருக்கின்றனவே? பெயரை முதன்முதலில் வாங்குபவருக்கு இது சரி. பதினைந்து ஆண்டுகளாக ஒரே முகவரியில் இயங்கும் அமைப்பின் நிலை வேறு. அதன் மின்னஞ்சல்கள், அச்சடித்த ரசீதுகள், மற்ற தளங்கள் கொடுத்த இணைப்புகள், நன்கொடையாளர்களின் நம்பிக்கை எல்லாமே அந்த முகவரியில் கட்டுண்டவை. முகவரியை மாற்றினால் அத்தனையும் அறுந்துபோகும். ஆகவே முதல் நாளில் இருக்கும் போட்டி, புதுப்பிக்கும் நாளில் இருப்பதில்லை. வெளியேற முடியாதவரிடம் விலை பேசுவதை வியாபாரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தனியார் கையில் இந்த அதிகாரம் எப்படியெல்லாம் போகக்கூடும் என்பதற்கு முன்னுதாரணமும் உண்டு. 2003 செப்டம்பரில் வெரிசைன், பதிவாகாத ‘.காம்’, ‘.நெட்’ பெயர் எதைத் தட்டச்சு செய்தாலும் தன் சொந்தத் தேடல் பக்கத்துக்கு இழுத்துச் செல்லும்படி செய்தது. எழுத்துப்பிழை அத்தனையும் ஒரு கம்பெனியின் விளம்பர இடமானது. பெயர் இல்லையென்றால் ‘இல்லை’ என்ற பதில் வரும் என்று நம்பி எழுதப்பட்டிருந்த மின்னஞ்சல் வடிகட்டிகள் தடுமாறின. டொமைன் அமைப்பை ஒருங்கிணைக்கும் ஐகேன் தலையிட்ட பிறகு, மூன்று வாரத்துக்குள் அது நிறுத்தப்பட்டது.

அந்த ஐகேன்தான், ‘.ஆர்க்’ கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பை 2019 ஜூனில் ஒப்பந்தத்திலிருந்து நீக்கியது. அதற்கு முன் கருத்துக் கேட்டபோது ஆயிரக்கணக்கானோர் வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். சில மாதங்களில் விற்பனை அறிவிப்பு வந்தது. ஐகேனின் முன்னாள் தலைவர் ஒருவர் வாங்கும் தரப்புக்கு ஆலோசகராக இருந்ததும் தெரியவந்தது. சட்டப்படி இதில் தவறு இல்லாமல் இருக்கலாம். காவல் காப்பவர் மீதான நம்பிக்கை சட்டத்தை மட்டும் நம்பி நிற்பதில்லை.

விற்பனை கடைசியில் நின்றது. ஐகேன் கலிபோர்னியாவில் பதிவான பொதுநல அமைப்பு என்பதால், அந்த மாநில அட்டர்னி ஜெனரல் 2020 ஏப்ரலில் இதை அனுமதிக்க வேண்டாம் என்று கடிதம் எழுதினார். ஏப்ரல் 30 அன்று ஐகேன் வாரியம் மறுத்தது. வாங்குவதற்கான கடனில் 36 கோடி டாலர் பதிவகத்தின் தலையிலேயே ஏறவிருந்ததும் அதற்கான காரணங்களில் ஒன்று. முடிவு சரியானதே. ஆனாலும் உலகம் முழுவதும் பரவிக் கிடக்கும் பெயர்களைக் காக்க ஒரு மாநில அதிகாரியின் கடிதம் தேவைப்பட்டது என்பது நிம்மதி தரும் செய்தி அல்ல. நைரோபியிலோ லிமாவிலோ இருக்கும் சங்கம் அவருக்கு வாக்களிப்பதில்லை.

அப்படியானால் அரசுகளிடமே ஒப்படைத்துவிடலாமா? 2017 செப்டம்பரில், கேட்டலோனியப் பொதுவாக்கெடுப்புக்குச் சில நாள் முன்பு, கேட்டலான் மொழிக்கான ‘.கேட்’ பதிவக அலுவலகத்தில் ஸ்பானியக் காவல்படை சோதனை நடத்தி, அதன் தொழில்நுட்பப் பொறுப்பாளரைக் கைது செய்தது. அமெரிக்க அரசு 2010இல் ஓர் இசைத் தளத்தின் பெயரைப் பதிப்புரிமைப் புகாரில் கைப்பற்றி, வழக்கே தொடராமல் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தது. பதிவேடு அரசின் மேசையில் இருந்தால், பிடிக்காத பக்கத்தை அழிக்கும் ஆசையும் அதே மேசைக்கு வந்துசேரும்.

எனவே மேற்பார்வை எதன்மீது என்பதில்தான் கறாராக இருக்க வேண்டும். கட்டணம், கடன், பதிவகம் கைமாறுவது ஆகியவற்றில் பொதுக் கண்காணிப்பு கண்டிப்பாக வேண்டும். பெயர் வைத்திருப்பவர்களுக்கும் அதில் வாக்கு வேண்டும். தளத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் காட்டிப் பெயரைப் பறிக்கும் உரிமை, நீதிமன்ற விசாரணை இல்லாமல் எவருக்கும் கூடாது. உச்சவரம்பு நீக்கத்தை எதிர்த்து, பெயர்களை விற்றுத்தரும் ஒரு பதிவு நிறுவனம் தொடுத்த முறையீட்டில், ஐகேன் வெளிப்படைத்தன்மை குறித்த தன் சொந்த விதிகளையே மீறியதாக 2022இல் சுயாதீன விசாரணைக் குழு சொன்னது. நீக்கிய வரம்பைத் திரும்பக் கொண்டுவரும்படி கட்டாயப்படுத்தும் அதிகாரம் மட்டும் அந்தக் குழுவுக்குத் தரப்பட்டிருக்கவில்லை.