மதிப்பெண் போடாத நண்பன்

1806-ல் அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர்கள் ஐவர் மழைக்கு வைக்கோற்போரின் ஓரம் ஒதுங்கி ஜெபித்தார்கள். அவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ் பத்தாண்டு கழித்து மிஷனரியாக யாழ்ப்பாணம் வந்தார். 1822-ல் அந்த மண்ணிலேயே மறைந்தார். அந்த ஐவர் காட்டுவதுபோல, மாணவர் ஊழியத்தின் வலு மாணவரிடமே இருக்கிறது. சொல்பவனும் கேட்பவனும் ஒரே விடுதியில் உண்டு, ஒரே தேர்வை எழுதுகிறவர்கள். மதிப்பெண் போடும் கை எதிரில் இல்லாததால், 'எனக்கு வேண்டாம்' என்று சொல்லக் கேட்பவனுக்கு அச்சமில்லை. அறிவை வளர்க்கும் பல்கலைக்கழகத்தில் விசுவாசத்துக்கு என்ன வேலை என்பார்கள். அரசியலுக்கும் நாத்திகத்துக்கும் மேடை தரும் வளாகம் இதை மட்டும் விலக்கினால் அது நடுநிலை ஆகாது.

மதம் பரப்பக் கல்வியைத் தூண்டிலாக்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டோ கனமானது. அதற்குக் காரணமும் உண்டு. ரிச்சர்ட்ஸின் மிஷன் 1823-ல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில், கணிதமும் வானியலும் கற்க வந்தவர்கள் வேதபாடத்தையும் சேர்த்தே கற்றார்கள். ஆனாலும் அங்கே படித்த சி.வை. தாமோதரம்பிள்ளை பின்னாளில் சைவராக வாழ்ந்து, 1887-ல் கலித்தொகையைப் பதிப்பித்தார். பாடத்திட்டக் கட்டாயம் அவரைப் பிடித்து வைக்கவில்லை. வருகைப் பதிவேடே இல்லாத மாலைநேர வேதபாடக் குழுவை அந்தக் கட்டாயத்தோடு ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை; உதவித்தொகையோ விடுதி இடமோ கையில் வைத்திருப்பவர் அதை நடத்தினால் மட்டும் கணக்கு வேறு.