எழுநூறு ரூபாய் தர்மம்

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை போகும் பாதையில் கெடார் இருக்கிறது. நெல்லும் கரும்பும் மல்லாட்டையும் விளைகிற பூமி. என் பெரியப்பா அங்கே இருக்கிறார். எழுபத்திரண்டு வயசு. விடியும் முன்பே எழுந்து கொல்லைக்குப் போய்விடுவார். வியாதி என்று படுத்தவரில்லை.

சென்ற வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது அவருக்கு ஒரு நல்ல காரியம் செய்தேன். செய்யும்போது அப்படித்தான் நினைத்தேன்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் என் தகப்பனாரின் சிநேகிதர் ஒருவர் இறந்துபோயிருந்தார். இடுப்பு வலி, வாயுப் பிடிப்பு என்று இரண்டு வருஷம் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவர். இரவில் நாலைந்து தடவை எழுந்து போவதையும் வயசுக் கோளாறு என்று விட்டுவிட்டார். புராஸ்டேட் சுரப்பியில் பிறந்த புற்றுநோய் எலும்புக்குப் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்தச் சாவு என்னைப் பயமுறுத்தி வைத்திருந்தது. பெரியப்பாவை வற்புறுத்தி விழுப்புரத்துக்கு அழைத்துப்போய், பி.எஸ்.ஏ. என்கிற ரத்தப் பரிசோதனை செய்வித்தேன். எழுநூறு ரூபாய். 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நாட்கூலி 319 ரூபாய். அந்தக் கணக்கில் இரண்டு நாள் உழைப்புக்கும் மேலே. நான்தான் கொடுத்தேன். கொடுத்துவிட்டுச் சென்னைக்கு ரயிலேறியபோது மனசு நிறைந்திருந்தது.

முடிவு 6.8 என்று வந்தது. நாலுக்கு மேல் போனால் சந்தேகம் என்பது பழகிப்போன கணக்கு. சந்தேகம் வந்துவிட்டால் அதற்குத் தீனி போடவேண்டும். புதுச்சேரியில் ஒரு நிபுணர், ஒரு ஸ்கேன், பிறகு ஊசியால் சதை எடுத்துப் பார்க்கும் சோதனை, அதற்குப் பின் நாலு நாள் காய்ச்சல், மருந்து. ஒவ்வொரு தடவையும் கூடப் போன மகனுக்கு வேலை போயிற்று. மொத்தம் இருபத்தெட்டாயிரம். ஒரு கறவை மாடு விலை போயிற்று.

கடைசியில், புற்றுநோய் இல்லை. வயசானால் வருகிற வீக்கம்தான்.

அரசு மருத்துவமனைக்குப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஆனால் புற்றுநோய் என்ற சொல் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் பயந்த மனுஷனுக்குக் காத்திருக்கத் தெரியாது. எங்கே சீக்கிரம் சொல்வார்களோ அங்கே ஓடுகிறான். அந்தப் பயத்தை அவர் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தவன் நான்.

இந்தச் சோதனையின் யோக்கியதைதான் என்ன? விஞ்ஞானம் படித்தவனல்ல நான். ஆனாலும் தேடிப் படித்தேன். பி.எஸ்.ஏ. என்பது அந்தச் சுரப்பியிலே ஊறும் ஒரு புரதம். புற்று வந்தாலும் அது ரத்தத்தில் ஏறும். வெறும் வீக்கத்துக்கும் ஏறும். கிருமி தொற்றினாலும் ஏறும். 1970இல் இதைக் கண்டவர்களில் ஒருவரான ரிச்சர்ட் அப்ளினே, நோய்க்குறி இல்லாதவர்களுக்கெல்லாம் இந்தச் சோதனையைச் செய்வது பெரிய தவறு என்று 2010இல் பத்திரிகையில் எழுதினார். எழுபது வயசைத் தாண்டியவர்களுக்கு இதை வழக்கமாகச் செய்யவேண்டாம் என்று அமெரிக்க நிபுணர் குழு 2018இல் சொன்னது. பெரியப்பாவுக்கு எழுபத்திரண்டு!

அதற்காகச் சோதனையே வீண் என்று சொல்லிவிட முடியுமா? ஐரோப்பாவில் ஏறக்குறைய 1,62,000 ஆண்களை இருபத்துமூன்று வருஷம் தொடர்ந்து பார்த்த ஆராய்ச்சியின் முடிவு 2025இல் வெளிவந்தது. சோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் 456 பேருக்கு ஒருவர் வீதம் இந்த நோயால் சாகாமல் தப்பினார்கள். நூற்றில் பதின்மூன்று சாவு குறைந்தது. அந்த ஒருவர் என் தகப்பனாரின் சிநேகிதராக இருந்திருக்கலாம். மற்ற 455 பேரில் என் பெரியப்பா மாதிரி எத்தனையோ பேர். இருக்கிற புற்று தூங்கிக்கொண்டே கிடந்துவிடும் கிழவர்களும் உண்டு. அதைத் தட்டியெழுப்பி வைத்தியம் செய்துகொண்டு, சிறுநீர் அடக்க முடியாமலும் ஆண்மை இழந்தும் மிச்ச நாளைக் கழிப்பவர்களும் உண்டு.

நம் அரசாங்கம் முப்பது வயசுக்கு மேற்பட்டவர்களுக்கு வாய், மார்பு, கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்குத்தான் பொதுச் சோதனை வைத்திருக்கிறது. புராஸ்டேட் அதில் இல்லை. முன்பு அதை ஓரவஞ்சனை என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. கண்ணாலும் கையாலும் பார்த்து, கண்டதற்கு உடனே வழி செய்யக்கூடிய காரியம் வேறு. ரத்தத்தில் ஒரு எண்ணைக் கண்டு ஏழையைத் திக்குத் தெரியாத வழியில் அனுப்புவது வேறு.

ஆனால் சிறுநீர் தடைப்பட்டு, எலும்பு வலித்து வருகிறவன் விஷயத்தில் இந்தத் தர்க்கம் ஒன்றும் செல்லாது. அவன் தேடிக்கொண்டு போகவில்லை. நோயே அவனைத் தேடி வந்துவிட்டது. காசில்லை என்பதற்காக அவனுக்கு அந்தச் சோதனை நின்றுபோனால் அது அநியாயம். என் தகப்பனாரின் சிநேகிதருக்கு வேண்டியிருந்தது அதுதான், யாரும் செய்யவில்லை. பெரியப்பாவுக்கு வேண்டியிருக்கவில்லை, நான் செய்தேன்.

மாட்டுக்கு ஈடாகப் பணம் எடுத்துக்கொண்டு மறுபடி கெடாருக்குப் போனேன். பெரியப்பா வாங்கவில்லை. திண்ணையில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தவர், தலை நிமிராமலே கேட்டார்:

"ரத்தம் எடுக்கக் காசு குடுத்தியே தம்பி, அது ஏறியிருந்தா அப்புறம் என்னென்ன ஆகும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது பெரியப்பா."

"தெரியாதுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் யோசிச்சிருக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னார். பெரியம்மா கடையில் வாங்கின பாலில் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.

இந்தச் சோதனைக்கு விலை எழுநூறா, ஆயிரமா என்று நாம் விசாரிக்கிறோம். அது முதல் படியின் விலை. ஏறினால் எத்தனை படி, நடுவில் இறங்க முடியுமா, ஏறாமலே இருந்தால் என்ன என்பதையெல்லாம் சொல்லாமல் ஒரு மனுஷனை அதிலே ஏற்றிவிட நமக்கு உரிமையில்லை. டாக்டருக்கும் இல்லை, அன்புள்ள பிள்ளைக்கும் இல்லை. சொன்ன பிறகு அவன் ஏறுவதாக முடிவு செய்தால், கடைசிப் படி வரைக்கும் கூட நிற்கவேண்டும். அதற்கு வசதியோ மனசோ இல்லாதவன் முதல் படிக்குக் காசு கொடுத்துத் தர்மவான் என்று பெயர் வாங்கக் கூடாது.

பெரியப்பா இப்போதும் விடியும் முன்பே எழுந்துவிடுகிறார். எழுந்தவுடன் கறக்க மாடில்லை.