வராமல் போன வியாதிக்கு யார் சாட்சி சொல்வது?



நம்முடைய சாட்சி வேளைகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கட்டி கரைந்துபோயிற்று என்று ஒரு சகோதரன் எழும்பிச் சொல்லுகிறார். மஞ்சள்காமாலையில் கிடந்த மகன் எழுந்து நடந்தான் என்று ஒரு தாயார் கண்ணீரோடே சொல்லுகிறார்கள். சபை முழுவதும் கைதட்டுகிறோம், அது நல்லதுதான். ஆனால், "இந்த வருஷம் என் வீட்டில் ஒரு பிள்ளைக்கும் வயிற்றுப்போக்கு வரவில்லை" என்று யாராவது எழும்பிச் சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னால் பின்வரிசையில் சிரிப்புதான் வரும். வராத வியாதிக்குச் சாட்சி ஏது?

இதை நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கிராம சுகாதார செவிலியராய் வேலை பார்த்தவள் நான். அதில் பாதிக் காலம் ஜவ்வாது மலை ஊர்களில் போயிற்று. ரிட்டயர் ஆன பிறகு வாலிபர் கூட்டத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். ஒரு தம்பி எழுந்து, "ஆன்ட்டி, நீங்க காப்பாத்துன ஒருத்தரைப் பத்திச் சொல்லுங்களேன்" என்று கேட்டான். ஆஸ்பத்திரி வார்டில் இருந்த என் சிநேகிதி என்றால் பத்துப் பேரைச் சொல்லியிருப்பாள். எனக்கு ஒரு பேர்கூட வாயில் வரவில்லை. மறந்துபோனதினால் அல்ல; அப்படி ஒரு பேர் கிடையவே கிடையாது. இன்னாரைக் காப்பாற்றினேன் என்று விரல் நீட்டிக் காட்ட முடியாவிட்டால், காப்பாற்றினேன் என்று சொல்லலாமா? இந்தக் கேள்வியைத்தான் உங்களுக்கு முன்பாக வைக்கிறேன்.

ரணஜன்னி என்ற பேரை இன்றைய இளம் தாய்மார் எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்? அந்நாட்களில் மலைமேல் வீட்டிலேதான் பிரசவம். கையில் கிடைத்த அரிவாளால் தொப்புள்கொடியை அறுப்பார்கள். அறுத்த இடத்தில் சாம்பலோ சாணியோ அப்புவார்கள். புண் ஆறட்டும் என்கிற நல்ல எண்ணம்தான். மண்ணிலும் சாணியிலும் இருக்கிற கிருமி அந்த வழியாய் உள்ளே போய்விடும். இரண்டு நாள் குழந்தை நன்றாய்ப் பால் குடிக்கும். அப்புறம் வாய் இறுகிப்போகும், சப்ப முடியாது. சத்தம் கேட்டாலும், கைவைத்துத் தூக்கினாலும் உடம்பு வில்லாய் வளையும். வைத்தியம் கிடைக்காத ஊரில் அப்படிப்பட்ட குழந்தை பிழைப்பது மகா அபூர்வம். காற்று பட்டுவிட்டது என்று சொல்லிப் புதைத்துவிட்டு, அடுத்த பிரசவத்துக்கும் அதே அரிவாளை எடுப்பார்கள்.

தடுக்க என்ன வேண்டும்? கர்ப்பிணிக்கு இரண்டு ஊசி. (இப்போது தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்தே அந்த ஊசி.) தாயின் உடம்பில் உண்டாகிற எதிர்ப்புச் சக்தி வயிற்றுப் பிள்ளைக்கும் போய்ச் சேருகிறது. அதோடு சோப்புப் போட்டுக் கழுவிய கை, சுத்தமான விரிப்பு, புது பிளேடு, சுத்தமான நூல், கொடியின்மேல் ஒன்றும் பூசாமல் விடுவது. விலையென்று பார்த்தால் அற்பம். ஆனால் அந்த ஊசி மருந்து 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவே குளிர்ச்சி கெடாமல் மலை ஏற வேண்டும். வெயிலில் கெடும், உறைந்தாலும் கெடும். ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் நிற்கிற இடத்திலிருந்து நடந்துபோனால், எந்தப் பெண்ணுக்காகப் போனோமோ அவள் கொல்லைக்கு வேலைக்குப் போயிருப்பாள். வருகிறவரைக்கும் திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஊசியின் விலை அற்பம், அந்தத் திண்ணையின் விலைதான் அதிகம்.

இந்தியாவில் பச்சிளங்குழந்தைகளின் ரணஜன்னி நீக்கப்பட்டதாக 2015ல் அறிவித்தார்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் குறைவு என்பது அதற்கு அளவு. பெரியம்மை மனுஷரிடத்தில் மட்டும் வாழ்ந்த கிருமி, ஆகையால் 1980ல் அது உலகத்தை விட்டே போயிற்றென்று அறிவிக்க முடிந்தது. ரணஜன்னிக் கிருமி அப்படியல்ல, மண்ணிலே அப்படியேதான் இருக்கிறது. ஊசியும் சுத்தமும் நின்றால் திரும்பி வரும். எனக்கு ரிட்டயர்மெண்ட் உண்டு, இந்த வேலைக்குக் கிடையாது.

அந்த மலை ஊர்களில் இப்போது இருபத்தைந்து வயதில் வாலிபர்கள் பைக் ஓட்டுகிறார்கள். அவர்களில் சிலர் பிறந்த முதல் வாரத்திலேயே செத்திருக்க வேண்டியவர்கள். யார் யார் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது, பெற்றவளுக்கும் தெரியாது. மழை ராத்திரியில் ஏரிக்கரையில் மண்மூட்டை அடுக்கினவனைக் கேளுங்கள்: எந்த வீடு மூழ்காமல் நின்றது என்று அவனால் காட்ட முடியுமா? அதற்காக ஊர் மூழ்கியிருக்காது என்று ஆகிவிடுமா? யார் என்று தெரியாமலிருப்பது வேறு, ஒருவருமில்லை என்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளுகிறபடியினால்தான் நம் நன்றியும் நம் பணமும் ஒரே பக்கமாய்ப் போகிறது என்று நினைக்கிறேன்.

உபாகமம் 22ம் அதிகாரத்தில் ஒரு சின்னக் கட்டளை உண்டு, பிரசங்கங்களில் அதிகம் கேட்டதில்லை. புது வீடு கட்டுகிறவன் மெத்தைக்குக் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் விழுகிறவனுடைய இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும். விழுந்தவனைத் தூக்கு என்பதல்ல, விழுமுன்னே கட்டு என்பது. சுகமான பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவனாவது திரும்பி வந்தான். கைப்பிடிச்சுவரினால் விழாமற்போனவன் ஒருநாளும் திரும்பி வரமாட்டான். தான் விழவிருந்ததே அவனுக்குத் தெரியாதே. தடுப்பூசி போடுவது விசுவாசக் குறைவு என்று நமக்குள் சிலர் சொல்லுகிறார்கள். ராத்திரி கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தானே அவர்களும் படுக்கிறார்கள். அதற்குமேல் அதைப்பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

வேறொரு காரியம் அதைவிட எனக்குப் பாரமானது. வியாதிக்காரன் நம்மைத் தேடி வருகிறான். சுகமாயிருக்கிறவனை நாம் தேடிப் போகிறோம், அவன் கேட்காமலே. விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு முத்தடுப்பு ஊசியைக் குத்திவிட்டு வருவேன். ராத்திரி அதற்குக் காய்ச்சல் அடிக்கும், தொடை வீங்கும். ஒரு தடவை ஒரு பாட்டியம்மா வாசலிலேயே என்னை மறித்துக்கொண்டு, "நல்லா இருந்த புள்ளைய இப்படிக் காய்ச்சல்ல தள்ளிட்டுப் போயிட்டியே நர்ஸம்மா, உனக்கு என்ன பாவம் பண்ணோம்?" என்று அழுதார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. அவர்கள் கண்ட வியாதி ஊசியால் வந்த காய்ச்சல் ஒன்றுதான். நான் சொன்ன வியாதியை அவர்கள் காணவில்லை. காணாத ஒன்றுக்காகக் காண்கிற வேதனையைக் கொடுக்க எனக்கு என்ன உரிமை?

அரசாங்கம் சொல்லிற்று என்பது போதாது, படித்தவள் என்பதும் போதாது. நான் கண்டது இதுதான்: மறுநாள் திரும்பிப் போகிறவளுக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. நான் போனேன். காய்ச்சல் மருந்தை எந்த அளவில் கொடுக்க வேண்டுமென்று காட்டி, பிள்ளை பால் குடிக்கிறவரை உட்கார்ந்திருந்தேன். இத்தனை குழந்தைகளுக்குப் போட வேண்டும் என்று டார்கெட்டை மட்டும் பார்த்துப் போட்டுவிட்டு மறைந்துபோகிறவர்கள் தடுக்கிற வியாதியைவிட அதிக அவநம்பிக்கையை அந்த ஊரில் வைத்துவிட்டு வருகிறார்கள்.

இதை என்னைவிட நன்றாய் அறிந்திருந்தவர்கள் டாக்டர் ரஜனிகாந்த் ஆரோலேயும் அவருடைய மனைவி டாக்டர் மேபல் ஆரோலேயும். இருவரும் நம்முடைய வேலூர் சி.எம்.சி.யில் படித்தவர்கள். 1970ல் மகாராஷ்டிராவில் ஜாம்கேட் என்னும் வறண்ட சீமைக்குப் போனார்கள். ஜனங்கள் கேட்டது மருந்தை அல்ல, தண்ணீரையும் சாப்பாட்டையும். ஆகையால் ஆழ்குழாய்க் கிணறு போடுவதும் வைத்தியமாயிற்று. தலித் மக்களின் தெருக்களில் கைபம்பு வைத்தார்கள். தண்ணீர் வேண்டுமானால் மற்றவர்களும் அங்கே வர வேண்டியதாயிற்று. பின்பு அந்தந்த ஊர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளராய்த் தெரிந்துகொண்டார்கள். அநேகர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். என்னைப்போன்ற சர்டிபிகேட் வாங்கின நர்ஸுகளுக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். ஆனால் நான் பஸ் பிடித்துப் போய்த் திண்ணையில் காத்திருந்தேன். அந்தப் பெண்ணோ அந்தத் திண்ணைக்குப் பக்கத்து வீட்டுக்காரி. ராத்திரி காய்ச்சல் வந்தால் அவள் அங்கேயே இருக்கிறாள்.

ஆரம்பத்தில் அந்த ஊர்களில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 176 ஒரு வயதுக்குள் இறந்தன. 1990களில் அது முப்பதுக்கும் கீழே வந்தது. 1979ல் இருவருக்கும் மகசேசே விருது கிடைத்தது. மேபல் அம்மையார் 1999லும், டாக்டர் ஆரோலே 2011லும் காலமானார்கள். அந்த எண்களின் வித்தியாசத்தில் இருக்கிற பிள்ளைகளில் ஒருவனாகிலும் அவர்களிடம் வந்து "நான்தான் அது" என்று சொல்லியிருக்க முடியாது.

இனி நம் காரியம். போன மிஷன் கமிட்டியில் கையிலிருந்தது ஒரே தொகை. ஒரு விசுவாசியின் உறவுக்காரப் பையனுக்கு ஆபரேஷன். மறுபக்கம், மலை ஊர்களிலிருந்து இரண்டு பெண்களைச் சுகாதாரப் பயிற்சிக்கு அனுப்பலாம் என்கிற என் விண்ணப்பம். மூப்பர் ஒருவர், "கண்ணு முன்னால நிக்கிற புள்ளைய விட்டுட்டு, முகம் தெரியாத புள்ளைக்கா சிஸ்டர் கொடுக்கிறது?" என்றார். அவரை நான் குறைசொல்லமாட்டேன். அந்தப் பையனுடைய அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் போய் எண்ணிக்கை பேசுகிற மனம் எனக்கும் கிடையாது. பேசுகிறவளை நானே நம்பமாட்டேன். பணம் ஆபரேஷனுக்குப் போயிற்று. நானும் கை தூக்கினேன், இன்றைக்கும் தூக்குவேன்.

ஆனால் அடுத்த மாதமும் ஒரு முகம் வரும், அதற்கடுத்த மாதமும் வரும். முகம் வந்த பிறகு தீர்மானித்தால், முகமில்லாத பிள்ளை ஒவ்வொரு தடவையும் தோற்றே போகும். அந்தப் பிள்ளைக்கு முகம் இல்லாமல் இல்லை. அது மலைக்கு அப்பால் இருக்கிறபடியால் நம் பெஞ்சில் வந்து உட்காரவில்லை, அவ்வளவே. பஸ் போகாத தூரத்தைப் பிள்ளையின் குற்றமாய் எண்ணலாமா? விழுந்தவன் வாசலில் கிடக்கும்போது கைப்பிடிச்சுவரைப்பற்றிப் பேச முடியாது. அதை வீடு கட்டும்போதே கட்ட வேண்டும். ஆகவே நான் கேட்பது, பையனுக்கா பெண்களுக்கா என்பதல்ல. வருஷத் தொடக்கத்திலே, எந்த முகமும் வாசலுக்கு வருமுன்னே, மிஷன் காணிக்கையில் ஒரு பங்கைத் தனியே எடுத்து எழுதி வைத்துவிடுவோம். பிறகு யார் வந்து அழுதாலும் அதைத் தொடாமலிருப்போம். அந்த நாளில் அது கடினமாயிருக்கும், நம்மைக் கல்நெஞ்சுக்காரர் என்றும் சொல்வார்கள். அதையும் தெரிந்துகொண்டுதான் சம்மதிக்க வேண்டும்.

எவ்வளவு பங்கு என்பதில் எனக்குப் பிடிவாதமில்லை. பத்தில் ஒன்று என்று பாஸ்டர் ஐயா சொன்னார்கள், ஐந்தில் ஒன்று என்று நான் கேட்டிருக்கிறேன். வருகிற மாதம் முதல் ஞாயிறு ஆராதனைக்குப் பின்பு கமிட்டி கூடுகிறது. அந்த இரண்டு பெண்களில் ஒருத்திக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு அந்தக் கேள்வி வரும்.