தன் பெயரில் வேடம்

புகழ்பெற்ற ஒருவர் தன் பெயரிலேயே, தன்னைப் போன்ற ஒருவராக, செட்டுக்குள் குடும்பம் நடத்திக் காட்டுவது அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் ஒரு தனி ரகம். பாடகியும் நடிகையுமான பெட் மிட்லரை நம்பி சி.பி.எஸ். ஒளிபரப்பிய ‘பெட்’ அந்த ரகத்தைச் சேர்ந்தது. 2000 அக்டோபரில் தொடங்கிய தொடர் 2001 மார்ச்சிலேயே நின்றுபோனது. பெட் என்ற பிரபலம், அவர் கணவர், மகள், வீட்டுக்குள் முளைக்கும் சில்லறைத் தகராறுகள் என்று கதை எளிமையானது. மேடையில் பார்த்தவரை வீட்டுக்குள் பார்க்கலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி.

அந்த வீட்டுக்குள் இருந்தது யார் என்ற கேள்வி நகைச்சுவையோடு முடிவதில்லை. முன்னோட்டப் பகுதியில் மகளாக வந்த லிண்ட்சே லோஹனுக்குப் பதில் தொடரில் வேறொரு சிறுமி வந்தார். கணவராக நடித்த கெவின் டன் போய், கடைசிக் கட்டத்தில் ராபர்ட் ஹேஸ் வந்தார். நிஜக் கணவருக்கோ மகளுக்கோ அந்த வீட்டில் இடமே இல்லை. வசனம் எழுத்தாளர்களுடையது. மாறாமல் நின்றவை ஒரு பெயரும் ஒரு முகமும்தான். மிலிந்தன் என்ற யவன அரசனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் வாதாடியது இதைத்தான்: சக்கரம், அச்சு, நுகம் என்று பிரித்துப் பார்த்தால் தேர் என்று தனியே ஒன்று அகப்படாது, நாகசேனன் என்ற பெயரும் அப்படி ஒரு வழக்குச் சொல்லே, உள்ளே நிலையான ஆள் எவரும் இல்லை.

தமிழில் இந்த வகைக்குப் பக்கத்தில் வருபவை சில திரைப்படங்கள். கே. நட்ராஜ் இயக்கிய ‘அன்புள்ள ரஜினிகாந்த்’ (1984) படத்தில் ரஜினிகாந்த் ரஜினிகாந்தாகவே வந்தார். பி. வாசுவின் ‘குசேலன்’ (2008) படத்தில் அவருக்கு அசோக்குமார் என்று பெயர். ஆனால் அது யார் என்பதில் கொட்டகையில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. பழைய படங்களில் பேசிய அரசியல் வசனங்களைப் பற்றிக் கேட்கும்போது, யாரோ எழுதியதைத் தான் பேசியதாக அந்தப் பாத்திரம் சொல்லும். ரசிகர்கள் பலருக்கு அது கசந்தது. நடிகர் வேறு, வசனம் வேறு என்பது ஊரறிந்த செய்தி. அதை அவர் முகமே சொன்னதுதான் பொறுக்கவில்லை. அந்த மறுப்பும்கூட யாரோ எழுதிய வசனம்தான் என்பது வேறு விஷயம்.

வடதமிழகத்தில், திரௌபதியம்மன் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்து இந்தச் சிக்கலை வேறு விதமாகக் கையாள்கிறது. இருவர் பிடித்த திரைக்குப் பின்னால், புஜக்கட்டையும் கிரீடமும் கட்டிய வேடக்காரர் நிற்பார். துரியோதனன் வந்தான் என்று படர்க்கையில் தன்னைப் பற்றித் தானே பாடிய பிறகுதான் திரை விலகும். யார் நீ என்று கட்டியங்காரன் கேட்பான். அதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். துகிலுரியும் கட்டத்தில், துச்சாதனன் வேடக்காரர் சேலையில் கை வைக்குமுன் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுக்கொள்வதுண்டு. ஆள் வேறு, வேடம் வேறு என்ற இடைவெளியைக் கூத்து சபையறியக் காட்டுகிறது. சில நேரம் ஆவேசம் வந்து அந்த இடைவெளி அறுந்துபோவதையும் மறைப்பதில்லை. தன் பெயரில் நடிக்கும் பிரபலத்தின் தொடர் இடைவெளியே இல்லை என்று சாதிக்கப் பார்க்கிறது. நேர்மை எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

இதே கேள்வியைக் கடவுளைப் பற்றிக் கேட்டால் அதன் எடை கூடிவிடுகிறது. ஊத்துக்கோட்டையிலிருந்து மாநில எல்லையைத் தாண்டியதுமே ஆரணியாற்றங்கரையில் சுருட்டப்பள்ளி. அங்கே சிவன் பள்ளிகொண்டீசுவரர். ஆலகால நஞ்சை உண்டு, கயிலைக்குத் திரும்பும் வழியில் களைப்பு மேலிட்டு இங்கே சாய்ந்தார் என்பது தலபுராணம். கருவறையில் அவர் தலை பார்வதியின் மடிமேல். தேவர்களும் முனிவர்களும் சுற்றி நிற்கிறார்கள். கிடந்த கோலம் பெருமாளுக்கு உரியது என்று பழகிய கண்ணுக்கு, பிரதோஷக் கூட்டத்தில் நகர்ந்து நகர்ந்து உள்ளே போனதும் முதலில் தட்டுவது இந்த மாற்றம்தான். ஆடுபவராகவும் எரிப்பவராகவும் எல்லோரும் அறிந்தவரை மனைவியின் மடியில், அசந்த நிலையில் காட்டும் சன்னிதி இது.

பிறப்பிறப்பு இல்லாதவருக்கு மயக்கம் வருமா? வந்தது என்றால் அவர் விகாரத்துக்கு உட்பட்டவர். வரவில்லை என்றால், சுற்றி நின்ற தேவர்கள் பார்த்தது நடிப்பு. கிறிஸ்தவத்திலும் இந்த இடுக்கி உண்டு. இயேசு பட்ட பாடு வெறும் தோற்றமே என்று தொடக்க நூற்றாண்டுகளில் ஒரு சாரார் சொன்னார்கள். திருச்சபை அதைத் தள்ளியது. 451இல் கூடிய கால்சிடோன் சங்கம், ஒரே ஆளிடம் முழுத் தெய்வமும் முழு மனிதமும் கலவாமல் பிரியாமல் இருப்பதாக வரையறுத்தது.

சைவ சித்தாந்தம் வேறு வழியில் போகிறது. இறைவனுக்குச் சொரூப இலக்கணம், தடத்த இலக்கணம் என இரண்டு. தன்னளவில் உருவும் பெயரும் இல்லாத நிலை முன்னது. உயிர்களின் பொருட்டு மேற்கொள்ளும் உருவும் தொழிலும் பின்னது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் நிறுவுவது, அந்தத் திருமேனி மாயையால் ஆனதல்ல, அருளாகிய சத்தியால் ஆனது என்பது. ஆக, களைப்பு தடத்தம். ஆனால் நஞ்சிலிருந்து உலகம் பிழைத்தது பொய்யல்ல. சத்தி சிவத்தினின்று வேறல்ல என்பதால், அவர் தலைசாய்த்த மடியும் அவர் அருளே என்று அந்தச் சிற்பத்தைப் படிக்க இடமிருக்கிறது. வேடம் உண்மையா பொய்யா என்பதைவிட அது யாருக்காக எடுக்கப்பட்டது என்பதே இங்கே உரைகல்.

காஷ்மீர சைவம் இந்தப் பிரிவினையையே ஏற்காது. வசுகுப்தரின் பெயரால் வழங்கும் சிவசூத்திரத்தில் ஆன்மாவே கூத்தன், உள்ளமே அரங்கு, புலன்களே பார்வையாளர். வேடத்துக்குப் பின்னால் வேடமற்ற ஒருவரைத் தேடுவது அதன் கணக்கில் வீண் வேலை.

சித்தாந்திகள் இந்தச் சுதந்திரத்தை உயிருக்குத் தருவதில்லை. உயிரின் உடல் அருளால் எடுத்ததன்று, வினையால் வந்தது. சேர்ந்த பொருளின் நிறத்தை ஏற்பது, அதாவது சார்ந்ததன் வண்ணமாதல், அதன் இயல்பு. இறைவன் கோலத்தை எடுத்துவிட்டு ஒட்டாமல் நிற்பார். உயிரில் கோலம் ஒட்டிக்கொள்ளும். அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஜாக் பென்னி வானொலியிலும் பிறகு தொலைக்காட்சியிலும் தன் பெயரிலேயே, எப்போதும் 39 வயதுள்ள கடைந்தெடுத்த கஞ்சனாகப் பல்லாண்டு வந்தார். நேரில் அவர் தாராளமான மனிதர். ஆனாலும் ஓட்டல் சிப்பந்திக்குக் கொடுக்கும் டிப்ஸில் வழக்கத்துக்கு மேல் வைத்தாக வேண்டிய நிலை அவருக்கு இருந்தது; வேடத்தை மறுப்பதற்கும் அந்த வேடத்தின் கணக்குப்படியே செலவழிக்க வேண்டியிருந்தது.