மறுக்க ஆளில்லாத மன்றம்

நகராட்சி மன்றத்தின் அஜெண்டாவைப் படித்தவர்களுக்கு அதன் நடை தெரியும். முதலில் பொருள் எண். கீழே அலுவலகக் குறிப்பு: இன்ன வார்டில் இன்ன குழாய் பழுது, மதிப்பீடு இவ்வளவு, மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும் வைக்கப்படுகிறது. அதற்கும் கீழே, ஒற்றைச் சொல்லில், தீர்மானம்: அனுமதிக்கப்பட்டது. எழுவாய் கிடையாது. யார் அனுமதித்தது என்றால் மன்றம் என்பார்கள். மன்றம் யார் என்றால் வருகைப் பதிவேட்டைக் காட்டுவார்கள். எழுவாய் இல்லாத இடத்தில் கையெழுத்துகளாவது இருக்கும்.

2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் தொடக்கம் வரை தமிழ்நாட்டு நகரங்களில் அந்தக் கையெழுத்துகளும் இல்லை. கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்தது. அறிவிக்கப்பட்டிருந்த தேர்தலை, பழங்குடியினர் இடஒதுக்கீட்டில் குறை கண்டு, உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு வார்டு மறுவரையறை, வழக்கு, மறுபடி வழக்கு. பழைய மன்றத்தின் காலம் முடியுமுன் புதிய மன்றத்திற்குத் தேர்தல் நடந்தாக வேண்டும் என்று சொல்லும் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 முதல் அமலில் இருக்கிறது. இருந்தும் ஐந்தாண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. நகராட்சி ஆணையரே தனி அலுவலரானார். ஆணையர் என்ற முறையில் குறிப்பெழுதி மன்றத்தின் முடிவிற்கு வைப்பார். தனி அலுவலர் என்ற முறையில், தாமே மன்றமாகி, அதை அனுமதிப்பார். மேஜையும் பேனாவும்கூட மாற வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டைக் கேலி செய்வது சுலபம். கேலிக்குப் பின்னால் உள்ள கேள்விதான் கடினமானது. அந்த ஆண்டுகளிலும் தண்ணீர் வந்தது. குப்பை அள்ளப்பட்டது. பிறப்புச் சான்றிதழ் கிடைத்தது. சில ஊர்களில் முன்னைவிட ஒழுங்காகவே கிடைத்தது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. கமிஷன் கேட்க வார்டுக்கு ஓர் ஆள் இல்லை, மனைவியின் நாற்காலியில் உட்காரக் கணவர் இல்லை. அப்படியானால் இழந்தது என்ன? சேவை குறையாமல் நடக்கும்போது, அதை நடத்துபவன் என்னால் தேர்ந்தெடுக்கப்பட்டவனா இல்லையா என்பது தார்மீகப் பிரச்னையா, வெறும் சடங்குப் பிரச்னையா?

ரிப்பனுக்கு இதில் ஒரு பதில் இருந்தது. 1882 மே மாதத் தீர்மானத்தில் அவர் ஸ்தல சுயாட்சியை நிர்வாகம் மேம்படும் என்பதற்காக முதன்மையாகப் பரிந்துரைக்கவில்லை. மக்களின் அரசியல் கல்விக்கான கருவியாகவே அதைக் கண்டார். (அவர் பெயர் தாங்கிய சென்னைக் கட்டடத்தில் 1973 முதல் 1996 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை என்பது வேறு விஷயம்.) இந்தப் பதில் எனக்குப் போதவில்லை. இதில் ஒரு வாத்தியார்த்தனம் இருக்கிறது. குடத்தோடு நிற்பவள் கல்விக்காக நிற்கவில்லை.

பிளேட்டோவின் பதில் இன்னும் பழையது, நம் நடுத்தர வர்க்கத்திற்கு இன்னும் பிடித்தமானது. கப்பலைச் செலுத்தத் தெரிந்தவன் செலுத்தட்டும். பயணிகள் கை தூக்கி ஓட்டுப் போட்டுத் திசை தீர்மானிப்பதில்லை. ஐ.ஏ.எஸ். அதிகாரியைப் பற்றி நம் வீடுகளில் நடக்கும் பேச்சு முழுவதும் இந்த உவமையின் நீட்சிதான். இது எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்க, இதே நம்பிக்கையின் பேரில் இன்னும் முழுமையாகத் தனி அலுவலரிடம் ஒப்படைக்கப்பட்ட ஒரு சிறு நகரத்தைப் பார்க்கலாம்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃப்ளிண்ட். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர், பெரும்பான்மை கறுப்பினத்தவர். கார்த் தொழில் கைவிட்டுப் போனதில் நகரம் கடனில் விழுந்தது. மாநில அரசு நெருக்கடி நிர்வாகி ஒருவரை நியமித்தது. மேயரும் மன்றமும் இருந்தார்கள், அதிகாரம் அவரிடம். இத்தகைய நியமனங்களுக்கு விரிந்த அதிகாரம் கொடுத்த 2011ஆம் ஆண்டுச் சட்டத்தை மாநில மக்கள் 2012 நவம்பரில் பொதுவாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். அடுத்த மாதமே, மறு வாக்கெடுப்புக்கு இடமில்லாத வகையில், கிட்டத்தட்ட அதே சட்டம் திரும்பி வந்தது.

செலவைக் குறைக்க, 2014 ஏப்ரல் 25 அன்று டெட்ராய்ட்டிலிருந்து வந்துகொண்டிருந்த தண்ணீர் நிறுத்தப்பட்டு ஃப்ளிண்ட் ஆற்றுத் தண்ணீர் விடப்பட்டது. குழாய்கள் அரிக்காமலிருக்கச் சேர்க்க வேண்டிய பொருள் சேர்க்கப்படவில்லை. பழைய ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் தண்ணீரில் இறங்கியது. மக்கள் பழுப்புத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் கூட்டங்களுக்குக் கொண்டுவந்தார்கள். தண்ணீர் தரக்கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதே என்று பதில் வந்தது. 2014 அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ், எஞ்சின் பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று சொல்லி, தன் தொழிற்சாலைக்கு மட்டும் வேறு தண்ணீர் ஏற்பாடு செய்துகொண்டது. இரும்புக்கு ஏற்பட்ட கெடுதல் ஆறு மாதத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டது. 2015 மார்ச்சில் நகர மன்றம், ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில், டெட்ராய்ட் தண்ணீருக்குத் திரும்ப வேண்டும் என்று வாக்களித்தது. நெருக்கடி நிர்வாகி மறுத்துவிட்டார்: செலவு அதிகம், இந்தத் தண்ணீரும் பாதுகாப்பானதே. குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதை அவ்வூர்க் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா 2015 செப்டம்பரில் வெளியிட்ட பிறகு, அக்டோபரில் பழைய தண்ணீர் திரும்பியது. இதற்குள் லீஜனேர்ஸ் நோயில் குறைந்தது 12 பேர் இறந்திருந்தார்கள்.

கப்பல் உவமை உடைவது இங்கேதான். மாலுமிக்குத் தெரிந்தது பயணிகளுக்குத் தெரியாது என்பது உண்மை. ஆனால் பயணிகளின் காலடியில் ஏறும் தண்ணீரை முதலில் அறிவது பயணிகள். ஃப்ளிண்டில் நாக்குக்கும் தோலுக்கும் தெரிந்தது அறிக்கைகளுக்குத் தெரியவில்லை. அந்த அறிவைக் கட்டளையாக மாற்றும் உறுப்பு மன்றம் ஒன்றுதான். மன்றம் தன் வேலையைச் சரியாகவே செய்தது. செய்ததற்கு எந்த விளைவும் இல்லாதபடி முன்னமே ஏற்பாடாகியிருந்தது.

இன்னொன்று. ஆற்றுத் தண்ணீருக்கு மாறிய அன்று பொத்தானை அழுத்தியவர் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர். அதிகாரம் இல்லாத, விழாவுக்கான மேயர். 2015 நவம்பரில் மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள். அவர்கள் கைக்கு எட்டியவர் அவர் மட்டும்தான். அதிகாரிகள் மீது பின்னால் வழக்குகள் வந்தன. ஆனால் குற்றச்சாட்டு சுமத்திய முறை செல்லாது என்று 2022இல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்ல, 2023இல் எல்லாம் முடிந்துபோயிற்று. தீர்மானிப்பவனைத் தண்டிக்க முடியாது, தண்டிக்கப்படக் கூடியவன் தீர்மானிக்கவில்லை. அதிகாரமும் குற்றமும் இப்படிப் பிரிந்துபோனபின், ஒவ்வொருவரும் தம்மளவில் நியாயவானாகவே இருக்க முடிகிறது. யாரும் கெட்டவராக இல்லாமலே ஒரு கெடுதல் நடந்து முடிகிறது.

நம் தனி அலுவலர்கள் விஷம் கொடுத்தார்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்களில் நேர்மையானவர்கள் பலர். நான் பார்ப்பது அவர்கள் நேர்மையின் தன்மையை. எதிரே ‘முடியாது’ என்று சொல்லக்கூடிய இன்னொருவன் இல்லாதபோது எடுக்கும் முடிவு, எவ்வளவு நல்லதாயினும், தீர்மானம் ஆவதில்லை, அது தயவு. தயவில் வந்த தண்ணீரும் தாகம் தீர்க்கும். வராத நாளில் அதைக் கேட்பதற்கு ஒரு குரல் வேண்டும். தயவு பெறுபவனிடம் இருப்பது மனு எழுதும் குரல். அதிகாரிக்கு மாறுதல் உத்தரவு வரும், போய்விடுவார். கமிஷன் வாங்குகிற கவுன்சிலரோ அதே தெருவில், அதே குழாயில் குடித்துக்கொண்டு, காலி குடங்கள் வாசலில் வைக்கப்படும் அபாயத்தோடு வாழ்ந்தாக வேண்டும். அவரைத் திட்டலாம். திட்ட ஒரு முகவரி இருப்பதைச் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை. நம் நவீனக் கதைகளில் கவுன்சிலர் எப்போதும் கரைவேட்டிக் கோமாளி. வார்டு அரசியலின் அசிங்கத்தைக் கண்டு முகம் சுளிக்கும் அந்த ரசனைக்குள் ஆணையரின் சுத்தமான மேஜை மீது ஒரு மோகம் ஒளிந்திருக்கிறது என்றே படுகிறது.

2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல் நடந்தது. சரிபாதி இடங்கள் பெண்களுக்கு. மார்ச் தொடக்கத்தில் பதவியேற்றார்கள். அந்த மாத இறுதியிலேயே சொத்துவரி உயர்வு ஆணை வந்தது. சென்னைக்கு வெளியே குடியிருப்புகளுக்கு 25 முதல் 100 சதம் வரை. விகிதம் கோட்டையில் முடிவாகியிருந்தது; மன்றங்கள் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். எதிர்த்துப் பேசியவர்கள் பேசினார்கள். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு மனிதர்கள் நிரம்பியிருந்த அவைகளில், அலுவலகக் குறிப்புக்குக் கீழே, பழைய சொல்லே மறுபடி எழுதப்பட்டது.