காவலன் பொய் சொல்லலாமா?

இணையத்தளமொன்றின் பெயரை நீங்கள் எழுதியதும், உங்கள் கைத்தொலைபேசி நேரே அங்கு செல்வதில்லை. பெயரைச் சொன்னால் அதற்குரிய எண் முகவரியைத் தரும் வேறொரு கணனியிடம் முதலில் விசாரிக்கின்றது. 1983ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட முறைமை இது.

இந்த விசாரிப்பு நடக்கும் இடத்திலேயே காவல் போடலாம். வங்கியின் பெயரைச் சற்றே திரித்து மறைச்சொல்லைப் பறிக்கும் போலித் தளங்களும், கணனியைக் கெடுக்கும் நிரல்களைப் பரப்பும் தளங்களும் பலவுண்டு. 2017இல் தொடங்கிய குவாட்நைன் போன்ற இலவச சேவைகள் அத்தகைய பெயர்களுக்கு முகவரி தர மறுக்கின்றன. விபரமறியாதோர் இதனாற் காப்பாற்றப்படுகின்றனர். இது நற்பணி என்பதில் ஐயமில்லை.

ஆயின், மறுக்கும் விதத்தைக் கவனியுங்கள். "அப்படியொரு பெயரே இல்லை" என்பதே பல வேளைகளில் கிடைக்கும் பதில். பெயரோ இருக்கின்றது! அப்பாவியைக் காக்கக் கொலைஞனிடம் பொய் சொல்லலாமா என அறநூலார் நெடுங்காலம் வாதிட்டனர். இங்கே பொய் சொல்லப்படுவது கொடியவனிடமன்று, காக்கப்படுபவரிடமே.

இதனால் வரும் கேடு என்ன? காவலன் தவறினாலும், தடுக்கப்பட்டவர் அதை அறியமாட்டார். 2020 ஏப்ரலில் கிளவுட்பிளெயர் நிறுவனம் குடும்பங்களுக்கென அறிமுகஞ் செய்த வடிகட்டி, ஆபாசமற்ற தளங்கள் சிலவற்றையும் தடுத்துவிட்டது. நிறுவனம் தவறைப் பகிரங்கமாக ஏற்றுத் திருத்தியது. 2021இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நீதிமன்றம், இசைப் பதிப்புரிமைத் தகராறொன்றில், ஒரு பெயரைத் தடுக்குமாறு குவாட்நைனுக்குக் கட்டளையிட்டது. கள்வருக்கெனப் போட்ட காவலை வேறு தேவைக்கும் அழைத்தனர். அத்தகராற்றில் 2023 டிசம்பரில் டிறெஸ்டன் மேல் நீதிமன்றம் குவாட்நைனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

நேர்மையாக மறுப்பதற்கும் வழியுண்டு. 2020இல் வெளியான இணைய நியமமொன்று மூன்று பதில்களை வேறுபடுத்தி வைத்தது: பாதுகாப்புக்காக நாமே தடுத்தோம், வெளியார் கட்டளையால் தடுத்தோம், நீங்கள் கேட்டபடி தடுத்தோம். அறநோக்கில் இம்மூன்றும் ஒன்றல்ல. தடுத்தவர் எவர், எதற்காக என்பதை அறிந்தவரே முறையிடவும் முடியும். வேண்டாமென விலகவும் முடியும்.

பெற்றோரே, வீட்டில் இத்தகைய காவலைப் போடுங்கள். ஆனால் எதைத் தடுத்தீர்கள், ஏன் தடுத்தீர்கள் என்பதைப் பிள்ளைகளிடம் ஒளிக்காதீர்கள். பாடத்துக்கு வேண்டிய தளம் அதில் அகப்பட்டுக்கொண்டதெனப் பிள்ளை வந்து சொன்னால், செவிகொடுத்துக் கேட்டுத் திறந்துவிடுங்கள்.