‘ஹோல்’ என்னுஞ் சொல்

ஆங்கிலத்தில் முழுமையை உணர்த்தும் ‘ஹோல்’ என்னுஞ் சொல்லை, பகுதிகள் யாவுங் கூடிய தொகையெனவே பலருங் கொள்வர். 1100-க்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தில் அது ‘ஹால்’ என வழங்கிற்று. ஊறின்மையும் நோயின்மையுமே அதன் பொருள். நோய் தீர்த்தலாகிய ‘ஹீல்’, உடல்நலமாகிய ‘ஹெல்த்’, புனிதமாகிய ‘ஹோலி’ என்பனவும் அவ்வேரினின்று கிளைத்தனவே. எழுத்தின் முன்னிற்கும் ‘டபிள்யூ’ 15-ஆம் நூற்றாண்டளவிற் புகுந்தது. ஒலியில் அதற்கு இடமின்று. 1926-இல் தென்னாப்பிரிக்கரான ஸ்மட்ஸ் என்பார் தம் நூலில் வழங்கிய ‘ஹோலிசம்’ கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. ஓசையொப்புமை பற்றி இரண்டையும் ஓரினமெனல் பொருந்தாது.

இனி, முழுமையைக் குறிக்கும் ‘இன்டிஜர்’ என்னும் இலத்தீன் சொல், பிறிதொன்றும் தொடாதது என்னும் பொருளது. நேர்மையைக் குறிக்கும் ‘இன்டெக்ரிட்டி’ அதன் வழிவந்தது. அந்நெறியிற் செல்வோர்க்கு, ஒருமுறை பழுதுற்றது பழுதுற்றதே. வழுவியவன் மீளவும் நேர்மையனாதல் இல்லை. பழைய ஆங்கிலச் சொல்லின் போக்கோ வேறு. ‘ஹீல்’ என்பதற்கு முழுமையாக்குதல் என்பதே முதற்பொருளாதலின், ஆறிய புண்ணுடையானும் அதன்படி முழுமையனே. இவ்விரண்டனுள் பின்னதே நமக்கு ஏற்புடைத்தாகத் தோன்றுகின்றது. தழும்புடையான் ஒருவனை நோயாளன் என எம்மருத்துவனுங் கூறான். பிழைத்துத் திருந்தினானை மட்டும் நாம் அங்ஙனங் கூறுதல் எற்றுக்கு?